வெளுத்தால்தான் சிவப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் ஃபுட் டெஸ்டிங் லேபுக்கு முதன்முதலாக ரெட் ஒயின் வந்தபோது, எனக்கு மிளகாய்த்தூளிலும் ஊறுகாயிலும் ஊறிய அனுபவம். ஒயினும் ஒரு சிவப்புதானே என்று டெஸ்ட் செய்முறை எழுதியிருக்கும் மெத்தடை அரைகுறையாகப் புரட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கொண்டுவந்தவர் வேலப்பன்சாவடி ரவி. ஹோட்டல்களுக்கு ஒயின் சப்ளை செய்பவர். "சாயம் கலந்துகீதுன்னு ஹோட்டல்காரன் லோடையே திருப்பி அனுப்ச்சுட்டான் சார். ரிப்போர்ட் தப்பா வந்துச்சுன்னா அப்பால எவனும் என்னை வாசல்ல சேக்கமாட்டான்" என்றார். லேப் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை சுலபம். ஒயினை ஆசிட் தூக்கலான பிஎச் 1 பஃபர் கரைசலில் கொஞ்சம், ஆசிட் குறைந்த பிஎச் 4.5 பஃபரில் கொஞ்சம் கலந்து, இரண்டின் நிறத்தையும் ஸ்பெக்ட்ரோவில் அளக்க வேண்டும். முதல் டியூப் செக்கச்செவேல் என்று இருந்தது. இரண்டாவதிலோ சிவப்பு ஓடிப்போய், ரோஸ்மில்க் டம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

எந்த மிளகாய்த்தூளும் என்னை இப்படிக் கைவிட்டதில்லை. சாம்பிளைக் கெடுத்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். கை தானாக ஆசிட் பாட்டிலுக்குப் போனது. டிராப்பரால் இரண்டாவது டியூபில் சில சொட்டுகள் விட்டேன். சிவப்பு திரும்பி வந்தது. கூடவே என் உயிரும்.

லேப் மேனேஜர் சாந்தி மேடம் ரீடிங்கைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே அளவா? அப்ப இது திராட்சைக் கலரே இல்ல, முழுக்க சாயம். வெளிய நிக்கிறவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"மேடம்... போன கலரை நான்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

"எங்கேர்ந்து?"

ஆசிட் பாட்டிலைக் காட்டினேன். மேடம் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"திராட்சைக் கலர் 4.5ல வெளுக்கணும். சாயம்தான் ரெண்டுலயும் அப்படியே நிக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் சார் அளக்கறோம். நீங்க ரெண்டையும் பிஎச் 1 ஆக்கி வெச்சிருக்கீங்க!"

நல்லவேளை, பாட்டிலில் ஒயின் மிச்சம் இருந்தது. மறுபடி செய்தேன். நிறம் போனதைப் பார்த்த ரவி கண்ணாடியைத் தட்டினார். "ஐயோ, இன்னா சார், கலரு பூட்ச்சே!"

முகத்தைப் பேராசிரியர் போல வைத்துக்கொண்டு, "போகணும் ரவி. வெளுத்தாதான் ஒரிஜினல்" என்றேன்.

சாயம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதை வாங்கிக்கொண்டு ரவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் திட்டச்சொல்ல வெளுத்துப்போய் நின்னுகினு இருந்தீங்களே சார், அப்ப நீங்களும் ஒரிஜினல்தான்!"

புதிதாக லேபுக்கு வருபவர்களுக்கு ஒன்று: ரீடிங் பயமுறுத்தினால் ஆசிடை எடுக்காதீர்கள், மெத்தடை எடுங்கள். படித்து முடிக்கும்வரை டிராப்பரை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.