மேலே ஏறாத விரல்

அப்பா எங்கே உட்கார்ந்தாலும் அவர் விரல்கள் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசை, பேருந்தில் முன் இருக்கையின் முதுகு, ஆஸ்பத்திரி வரிசையில் தன் முழங்கால் என்று எது அகப்பட்டாலும் அதன் மேல் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவார். எதிரில் யாராவது பேசினால் அவர்கள் பேச்சையே அடித்துக்கொண்டிருப்பார். அம்மா திட்டும்போது வேகம் இன்னும் கூடும்.

"நான் சொல்றது காதுல விழுதா, இல்ல டைப் பண்ணிட்டு இருக்கீங்களா?"

"டைப் பண்ணாத்தானே மனசுல நிக்கும். நீ சொல்லு."

இதில் ஒன்றை மகள் பல வருடங்களாகக் கவனித்து வந்தாள். வலது கை மோதிர விரல் மட்டும் மேலே ஏறாது. இருந்த இடத்தில் தட்டும், கீழே இறங்கும், மேலே மட்டும் போகாது. ஏற வேண்டிய இடம் வந்தால் எல்லா விரல்களும் ஒரு நொடி நின்று, எதையோ யோசித்து, பிறகு வேறு பக்கமாகக் கிளம்பும். சின்ன வயதில் அடிபட்ட விரலாக இருக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு ஒரு மொத்த மருந்துக் கிடங்கில் வேலை. மருந்தின் பெயரை ஸ்டோரில் இருக்கும் மெஷின் அடித்துவிடும். அதை எப்போது, எப்படிச் சாப்பிடுவது என்பதைத் தமிழில் அடித்து லேபிளாக எடுப்பது அப்பாவின் வேலை. இருபத்தொரு வருடமாக அதே மூலை, அதே மேசை. அவருக்கு முதுகுக்குப் பின்னால் லேபிள்காரர் என்று பெயர், முன்னாலும் அதே பெயர்தான்.

அவள் தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில் வருடா வருடம் அவன் பெயர் போட்ட லேபிள் தாள் ஒன்றை அப்பா அடித்துக் கொண்டுவருவார். ஒரு தாளில் இருபத்துநாலு லேபிள். உரித்து நோட்டில் ஒட்ட வேண்டியதுதான். அக்காவான அவளுடைய நோட்டுகளுக்கு மட்டும் பேனாவால் எழுதித் தருவார். "எனக்கு எப்போ அடிச்சுத் தருவீங்க?" என்று கேட்டால், "உன் கடன் கணக்குல இருக்கு பாப்பா, கண்டிப்பா தரேன்" என்பார். ஒன்றாம் வகுப்பில் சொன்னதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை சொன்னார். தம்பி ஆண் பிள்ளை, அதனால்தான் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கணினிப் படிப்பு. சான்றிதழ் கண்ணாடி போட்டு ஹாலில் தொங்கியது. வேலை மட்டும் ஆறு மாதமாக வரவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நாலு வருடம் படித்தது உண்மையிலேயே தலையில் இருக்கிறதா, சுவரில் மட்டும் இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் கிடங்கில் கணினிகளை மாற்றும் பேச்சு எழுந்தது. இருந்த பதினாலு மெஷின்களும் பழசு. புது விண்டோஸ் போடுவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்று அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. விண்டோஸ் கட்சிக்குத் தலைவி பணப் பெட்டியில் உட்காரும் கேஷ் அக்கா. லினக்ஸ் கட்சிக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அண்ணன். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள், சண்டைக்கு வசதியாக.

"வைரஸே வராதாம். என் மருமகன் சொன்னான்" என்பார் ஸ்டோர் அண்ணன்.

"உங்க மருமகன் போன வருஷம் கோழிப் பண்ணை வச்சா நஷ்டமே வராதுன்னும் சொன்னான்."

"அது கோழி பண்ண தப்பு."

முதலாளி கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணுதான் இதையே படிச்சிருக்கே. ரெண்டு வாரம் வந்து பார்த்துட்டு ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க. சம்பளம் குடுத்துடலாம்." அதோடு இன்னொன்றும் சொன்னார். "நம்ம லேபிள் ரெண்டுல எதுலயும் ஒழுங்கா வரலேன்னா மண்டைய உடைச்சுக்க வேணாம். வெளிய குடுத்து அச்சடிச்சு வாங்கிக்கலாம். உங்களுக்குப் பேக்கிங்ல ஏதாவது பார்ப்போம்."

அப்பா வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் சொன்னார். இரண்டாம் பாதி மறுநாள் கேஷ் அக்கா சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது. பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றபடி அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவது. அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த இரண்டு வார வேலை அவளுக்குச் சட்டென்று கனத்துப் போனது.

லேபிள் அறையில் இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிடங்கின் பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ், சோதனைக்காகக் கடையில் இரவல் வாங்கிய புது மெஷினில் புது விண்டோஸ். அப்பாவின் விரல்களுக்குப் பழகிய பழைய தட்டச்சு விசை அமைப்பையே இரண்டிலும் போட்டுக் கொடுத்தாள். அவர் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கு பாப்பா" என்றார். அவளுக்கு நிம்மதி.

அந்த வாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இனி எல்லா லேபிளிலும் ஒரு வாக்கியம் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். சோதனைக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

திங்கட்கிழமை லினக்ஸ் மெஷினில் அப்பா அடித்தார். தாள் வந்தது. கேஷ் அக்கா அதை வாங்கி உரக்கப் படித்தாள்.

"குளந்தைகளுக்கு எட்டாத இடத்தில். அண்ணே, உங்க லினக்ஸ் இன்னும் ஒண்ணாங்கிளாஸ் தாண்டல போலிருக்கே."

ஸ்டோர் அண்ணன் அன்று மோர்க் கிண்ணத்திலிருந்து தலை தூக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விண்டோஸ். தாள் வந்ததும் ஓடிப் போய் முதலில் எடுத்தவர் அவர்தான்.

"குறந்தைகளுக்கு. தங்கச்சி, உங்க விண்டோஸ் பள்ளிக்கூடப் பக்கமே போகல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரெண்டு மெஷினும் சரியில்ல பாப்பா" என்றார். முதலாளி தாள் இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே போனார். போகும்போது அச்சகத்தின் எண்ணை யாரிடமோ கேட்டது அவள் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு சோதனை. அதுதான் கடைசி.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டினாள். விசை அமைப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரி, பழைய லேபிள்களைப் புது எழுத்துருவுக்கு மாற்றும் வேலையையாவது முடிப்போம் என்று உட்கார்ந்தாள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் புது மெஷினில் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கலக்கியது போலத் தெரியும். அவற்றைத் தமிழாக்க ஒரு சின்ன நிரல் எழுதினாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு லேபிள். எல்லாம் ஒழுங்காக மாறியதா என்று பார்க்க, எந்த எழுத்து எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணச் சொன்னாள்.

'க' இரண்டாயிரத்துச் சொச்சம். 'ம' ஆயிரத்தைந்நூறு. யாரும் சீண்டாத 'ங' கூட நூற்று முப்பது. 'ழ' மட்டும் பூஜ்யம்.

நிரலில் ஓட்டை என்று நினைத்தாள். மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரி வரியாகத் தேடினாள். பட்டம் வாங்கியவள் முப்பது வரி நிரலில் ஓர் எழுத்தைத் தொலைத்துவிட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஓட்டை அகப்படவில்லை. கடைசியில் நிரலை விட்டுவிட்டு, லேபிள்களையே எடுத்துப் படித்தாள்.

ஏழு நாள் சாப்பிட வேண்டிய மருந்தில், 'ஒரு வாரம் விடாமல்.' காலையில் எழுந்ததும் போட வேண்டியதில், 'படுக்கையை விட்டதும், வெறும் வயிற்றில்.' முழுதாக விழுங்க வேண்டிய மாத்திரையில், 'பிய்க்காமல், கடிக்காமல், தண்ணீருடன்.' கழுவிய புண்ணில் தடவும் களிம்பில், 'புண்ணை நன்றாக அலசிய பின்.' மருத்துவரை அழைக்க வேண்டிய இடத்தில், 'மருத்துவரைக் கூப்பிடவும்.' கீழ் இமையில் விடும் சொட்டு மருந்தில், 'கண்ணின் அடி இமையில்.' குழந்தை எங்குமே இல்லை. இருபத்தொரு வருடமும் பிள்ளைகள்தான்.

அவளுக்கு அந்த மேலே ஏறாத விரல் ஞாபகம் வந்தது.

அன்று மாலை அப்பா வீட்டு மேசையில் உட்கார்ந்து விரல்களால் எதையோ அடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, 'வாழைப்பழம்'னு அடிங்க."

விரல்கள் நின்றன. "எதுக்கு?"

"சும்மா அடிங்களேன்."

"பசிக்குதுன்னா வாங்கிட்டு வரேன்."

"அப்பா."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அம்மா உள்ளேதான் இருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாள் பாப்பா. ஒரு மாசம் பார்த்துட்டு வச்சுக்கிறோம்னு சொல்லியிருந்தாங்க. நான் கைதவறி டீயக் கொட்டிட்டேன். கீபோர்டுல ஒரே ஒரு கீ செத்துப் போச்சு. சொன்னா நாளைக்கு வராதேன்னுடுவாங்களோன்னு பயம். சரி, ஒரு மாசம்தானே, அந்த எழுத்து இல்லாம ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"ஒரு மாசம்?"

"ஓட்டினேன். அப்புறம் முதலாளி கூப்பிட்டு, உங்க லேபிள் எல்லாருக்கும் புரியுதுன்னு கஸ்டமர் சொல்றாங்க, இதே மாதிரி அடிங்கன்னாரு. மூணு வருஷம் கழிச்சுப் புது கீபோர்டு வந்துச்சு, அதுலயும் மேல இங்கிலீஷ் எழுத்துதான் போட்டிருந்துச்சு. அதுக்குள்ள அந்தக் கீ எங்க இருக்குன்னே விரலுக்கு மறந்து போச்சு. தேடித் தேடிப் பார்த்தேன், ஒருநாள் 'ள' வருது, ஒருநாள் 'ற' வருது. இத்தனை வருஷம் அடிச்சவன் போய் யார்கிட்ட கேக்கறது?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இருபத்தொரு வருஷமா நான் திட்டினதையெல்லாம் அந்த எழுத்து இல்லாமத்தான் அடிச்சீங்களா? அதான் எதுவும் மனசுல நிக்கல."

அப்பா சிரித்துவிட்டார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயரின் நடுவில் இருக்கும் எழுத்து அது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, பேனாவால் எழுதிய பன்னிரண்டு வருட நோட்டுகள் அவள் கண்முன் வந்து நின்றன. தம்பி ஆண் பிள்ளை என்பதால் இல்லை. அத்தனை வருடம் சுமந்த ஒரு கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் வலது கையை எடுத்து, மோதிர விரலைப் பிடித்து, மேசையில் ஒரு விரற்கடை மேலே நகர்த்தி வைத்தாள்.

"இங்கதான்பா."

வெள்ளிக்கிழமை எல்லோரும் லேபிள் அறையில் கூடினார்கள். இரண்டு கட்சியும் மொத்தமாக ஆஜர். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. முதலாளியைப் பார்த்து, "முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, டீ கொட்டிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மகள் இதை எதிர்பார்க்கவில்லை. மெஷின் மேல் பழியைப் போட்டு எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள்.

 முதலாளியின் மோவாய் மட்டும் ஆடியது. பிறகு பார்த்தால் அடக்கிய சிரிப்பு.

"படிக்கத் தெரியாத கிழவிகூடப் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, புரியுதுன்னு சொன்னாங்களே, அதுக்கு ஒரு கப் டீயா காரணம்?"

"அரைக் கப்புதாங்க. மீதிய குடிச்சுட்டேன்."

அப்பா உட்கார்ந்தார். விரல்கள் ஓடின, அந்த இடத்தில் நின்றன. மோதிர விரல் புது மாடிப்படி ஏறுவது போல மெல்ல மேலே போனது. முதலில் லினக்ஸ், பிறகு விண்டோஸ். இரண்டு தாளிலும் ஒரே குழந்தைகள். கேஷ் அக்காவும் ஸ்டோர் அண்ணனும் தாள்களை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் இருவருக்குமே கொஞ்சம் வருத்தம்.

"இப்போ சொல்லும்மா, எது?" என்றார் முதலாளி.

"லேபிளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். பழைய மெஷின்ல புது விண்டோஸ் ஏறாது, பதினாலும் புதுசா வாங்கணும். லினக்ஸ் இருக்கிறதுலயே ஓடும். ஸ்டோர், லேபிள், பேக்கிங் பன்னிரண்டு மெஷினும் லினக்ஸ். கேஷ்ல இருக்கிற ரெண்டு மட்டும் புது விண்டோஸ், ஏன்னா அந்தக் கணக்கு மென்பொருள் அதுலதான் ஓடும். எல்லாம் ஒரே நெட்வொர்க், ஒரே பிரிண்டர்."

"பன்னிரண்டுக்கு ரெண்டு" என்றார் ஸ்டோர் அண்ணன்.

"காசு வாங்குற மெஷின் எங்கிட்டதானே இருக்கு" என்றாள் கேஷ் அக்கா.

அச்சகத்தின் எண் எழுதிய சீட்டை முதலாளி கிழித்துக் குப்பையில் போட்டார். பழைய வாக்கியங்களில் கை வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். புது வாக்கியம் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு லேபிளிலும் ஏற வேண்டும். அதுவே அப்பாவுக்கு மூன்று வார வேலை.

மகளுக்கு அதற்கப்புறம் வேறோர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் கிளம்பும்போது கேட்டாள்.

"அப்பா, என் லேபிள் தாள்? மேசையில ஒட்டணும்."

"அடிச்சுத் தரேன் பாப்பா. இப்போ லேபிள்ல எல்லாம் குழந்தைங்க வரிசையில நிக்குது, அதை முடிச்சுட்டு வரேன்."

மூன்று வாரம் முடிந்து, மூன்று மாதமும் ஆகிவிட்டது. வீட்டு மேசையில் அந்த விரல் இப்போது நன்றாகவே மேலே ஏறி இறங்குகிறது. அம்மாகூட அதைக் கவனித்துவிட்டாள். இருபத்துநாலு லேபிள், ஒரு தாள், இன்னும் வரவில்லை.