அம்மாவின் விரலும் அறுபத்தெட்டு டிகிரியும்

நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, உப்பாத எட்டு பலூன்களைக் கழற்றிவிட்டு எட்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவியது. அம்மா கழுவினாள். நான் துடைத்தேன், கூடவே திட்டினேன்.

அன்று எங்கள் சமையலறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஈஸ்ட் சோதனை. பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட், வாயில் பலூன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விட, பலூன் எழும்ப வேண்டும். ஒன்றும் எழும்பவில்லை.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவள். பாக்கெட் போடும் பிரிவு. உறையின் வாயைச் சூட்டுக் கம்பியில் அழுத்தி ஒட்டுவாள். ஈஸ்ட் அந்தப் பக்கமே வராது. ஆனாலும் வேலையை விட்ட மறுமாதமே விஞ்ஞானி ஆகிவிட்டாள். தண்ணீரின் சூட்டை விரல் விட்டுத்தான் பார்ப்பாள். வெப்பமானிகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு; வீட்டில் இருந்த ஒன்றை அவள் தொட்டதில்லை.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஏழு வயது. தடித்த மூக்குக்கண்ணாடி, பட்டப்பெயர் சோடாபுட்டி. அவள் மட்டும் அம்மாவைப் பார்த்துத் தானும் தண்ணீரில் விரலை விட்டு உதறினாள்.

"ஆன்ட்டி, சுடுது!"

"இதுவா சுடுது? பச்சத் தண்ணியாட்டம் இருக்கு. ரொம்பத்தான் செல்லம் உனக்கு."

பலூன்கள் தொங்கியதும் பழி அவள் தலையில் விழுந்தது. "சர்க்கரைய அளந்தது நீதானே? கம்மியா போட்டிருப்ப." மற்றவர்கள் சிரித்தார்கள். சோடாபுட்டி செருப்பைக்கூட மாட்டாமல் படியேறிப் போனாள்.

பாட்டில்களில் ஊற்றியது போக அம்மாவின் பிளாஸ்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி அளந்தேன். அறுபத்தெட்டு டிகிரி. ஈஸ்ட்டுக்கு நாற்பது போதும்.

"ஈஸ்ட்ட அவிச்சு வச்சிருக்கம்மா நீ."

"என் விரல் பொய் சொல்லாதுடி."

"உன் விரல் பெரிய கருவி! உன் வீம்புக்கு ஒரு சின்னப் பொண்ணு அசிங்கப்பட்டதுதான் மிச்சம்."

அம்மா குவளைக்குள் விரலை விட்டாள். எடுக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். விரல் சிவந்திருந்தது, முகம் மாறவில்லை.

"வலிக்கலையா?"

"இல்லையேடி."

தன் விரல்களை யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனித்தோல் பளபளவென்று கெட்டியாக இருந்தது. இருபத்தாறு வருடத்துச் சூட்டுக் கம்பி. அவளுக்கும் தெரியவில்லை, ஊர்க் கருவிகளையெல்லாம் சோதிக்கிற எனக்கும் தெரியவில்லை.

அதற்கு அப்புறம் இரண்டு நாள் கழிந்து, மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்தாள். எழவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவளை அறிவாளி என்றார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அறிவாளியின் துண்டுச்சீட்டு இருந்தது. புது ஈஸ்ட் வாங்கணும்: முடித்துவிட்டுக் கோடு போட்டு அடித்திருந்தாள். வெப்பமானிய எங்க வச்சிருக்கான்னு கேக்கணும்: அடித்திருந்தாள், கேட்டாள், காட்டினேன்.

மாடிக்குப் பதினான்கு படி. முழுசாக இரண்டு நாள் இருந்தது. கௌரவம் பார்த்து ஏறாமலே இருந்திருக்கிறாள். மூன்றாவது வரி அடிக்கப்படாமல் இருக்கிறது:

சோடாபுட்டிகிட்ட செருப்பக் குடுத்துட்டு, சுட்டது நெசந்தான்னு சொல்லணும்.