பச்சை அட்டையில் என் கையெழுத்து

எனக்கு எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. சர்க்கரை நோய்க்கு நடந்தால் போதும் என்று ஊரே சொல்கிறது. மேனாம்பேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை சாக்கடைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடக்கிற எனக்கு மாத்திரையும் வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், பேப்பர் படித்துவிட்டுத் திட்டுவது என்பேன். பிடிக்கிறதோ இல்லையோ, பிள்ளைகளை இன்ஜினியரிங்கில் தள்ளுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நான் பிடித்ததைத்தான் படிப்பேன் என்று, நாற்பத்தைந்து வயதில் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தேன்.

"கவுன்சிலருக்கு நிக்கப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நின்னா உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்றேன். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடி ஏரியாவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. சரியான பெட்டிக்குப் பச்சை அட்டை, திருத்த வேண்டியதற்கு மஞ்சள், கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு. பச்சை அட்டையில் என் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஷிப்டில் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

எல்லாத் தாளும் தேறினேன், 'அரசியல் சிந்தனை' ஒன்றைத் தவிர. முதல் தடவை பெயில் ஆனபோது, பேக்கிங்கில் இருக்கும் தோழி என் சாப்பாட்டுப் பையில் மஞ்சள் அட்டையைக் கட்டிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாம் தடவையும் மஞ்சள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்டி இன்னாதான்க்கா எழுதுன?" என்று கேட்டாள்.

ஜனநாயகத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருச் சாக்கடைக்காக நான் கொடுத்த மனுக்களைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய, புக்குல இன்னா கீதோ அத்த எழுதுக்கா. உன் கருத்த சாப்பாட்டு நேரத்துல எங்களாண்ட சொல்லு, கேட்டுக்குறோம்."

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதோடு பதிவுக் காலம் முடிகிறது, தவறினால் இத்தனை வருஷப் படிப்பும் வீண். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தில் இருந்ததையே படித்து, அதையே எழுதினேன். கடைசிக் கேள்வியில் மட்டும் கை சும்மா இருக்கவில்லை, ஒரே ஒரு மனுவைச் சேர்த்துவிட்டேன்.

ரிசல்ட் அன்று கம்பெனிக் கோட்டின் பையில் ஒரு சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டேன். வேறு யாரும் எனக்கு அதைக் கட்டக் கூடாது, கட்டுவதென்றால் நானே கட்டிக்கொள்கிறேன் என்ற திமிர். போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டு நேரம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. போன் கைக்கு வந்ததும் பதிவு எண்ணைத் தட்டினேன். தோழிதான் பிடுங்கிப் பார்த்தாள்.

"பாஸுக்கா! அம்பத்தாறு!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது, சொல்வதில் வெட்கம் என்ன? சிவப்பு அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். முறைத்துப் பார்த்தவள், ஓடிப்போய்ப் பச்சை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் பையில் கட்டினாள். பிறகு பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்து போடுக்கா. நீ போடாம எதுவும் கேட்டத் தாண்டாதே."

போட்டேன். பக்கத்தில் பி.ஏ. என்றும் எழுதினேன். சாயங்காலம் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.