கம்ப்யூட்டரை எங்கே வைப்பது

ஊருக்கு வந்த முதல் வாரம் முழுக்கக் காலையில் என் போன் செத்துக் கிடந்தது. சார்ஜரைச் சரியாகத்தான் செருகியிருப்பேன். பக்கத்திலேயே இருக்கும் சுவிட்ச்சைப் போட மறந்திருப்பேன். ஜெர்மனியில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்குச் சுவிட்ச் கிடையாது. செருகினால் கரண்ட் வந்துவிடும். லைப்சிக் நகரத்துக்குப் போன புதிதில் செருகிவிட்டுச் சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தவள் நான். இப்போது செம்பாக்கத்தில், நான் வளர்ந்த வீட்டில், அதே சுவிட்ச்சை மறக்கிறேன். அண்ணன் மகள் நிலா காலையில் எழுந்ததும் ஒன்றும் சொல்லாமல் அதைத் தட்டிவிட்டுப் போவாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். சிரிப்பை அடக்கத் தெரிந்த பெண்.

வீடு சின்னதுதான். ஒரு ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். இன்னொன்று என் ரூம். கல்யாணமாகி நான் வெளிநாடு போன பிறகும் அம்மா அதை அப்படியே வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் திறந்து கூட்டித் துடைத்து, கட்டிலில் விரிப்பு மாற்றி, பல்லி நுழைந்துவிடும் என்று திரும்பவும் பூட்டிவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நான் வரும்போது அது எனக்காகத் திறக்கும். ஏசி ஓடும். நிலா என்னோடு வந்து படுத்துக்கொள்வாள். அம்மா மட்டும் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு, இங்கேதான் காற்று வருகிறது என்பாள். காற்று எங்கே வருகிறது என்பதில் அம்மாவோடு வாதாட முடியாது என்று விட்டுவிட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே ஒவ்வொரு குளிர்காலத்தையும் தள்ள ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிலருக்குச் சாமி, சிலருக்கு ஊரில் வாங்கிப் போட்ட மனை. எனக்கு அந்த ரூம். மொழித் தேர்வில் இரண்டாம் முறை தோற்றபோது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடமிருந்து தகவல் வந்தபோது, டிராமில் ஓர் அம்மாள் என் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்துபோய் நின்றுகொண்டபோது, செம்பாக்கத்தில் எனக்கு ஒரு ரூம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு நேராக அங்கே போய்விடலாம். என் கணவருக்கு அந்த எண்ணமே இல்லை. அவர் அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரூம் இருக்கும்வரை பதில் சொல்ல அவசரமில்லை என்றிருந்தேன்.

இந்தத் தடவை நான் வரும்வரை ஒரு வேலையைத் தள்ளிவைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். அண்ணி கோவிலம்பாக்கத்தில் இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே பில் என்ட்ரி போட்டுக் கொடுக்கிறார். அதைப் போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்கிறார். நிலாவுக்கு ஆன்லைன் டெஸ்ட். கரண்ட் பில், அம்மாவின் பென்ஷன் சமாசாரம் எல்லாவற்றுக்கும் அண்ணன் பிரவுசிங் சென்டரில் போய் நிற்கிறான். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு எனக்கு. நான் லைப்சிக்கில் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். பல் செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

அண்ணன் லேப்டாப் என்றான். நான் டெஸ்க்டாப் என்றேன். எனக்கும் ஓரளவு தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் வேகம் அதிகம். கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். நினைவகம் போதவில்லையென்றால் இன்னொன்று செருகிக்கொள்ளலாம். மணிக்கணக்காகப் பில் போடுகிறவருக்கு லேப்டாப்பில் குனிந்தே கழுத்து போய்விடும். பெரிய திரை கண்ணுக்கும் நல்லது. லேப்டாப் கீழே விழுந்தால் மொத்தமும் போச்சு. இப்படி அரைமணி நேரம் பேசினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி கருவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தார். லேப்டாப்னா எங்க வேணா வெச்சுக்கலாம் இல்ல, என்று அண்ணன் மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னான். நான் சொன்ன காரணங்களை எல்லோரும் யோசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசாமல் இருப்பவர்களை நான் தப்பாகவே புரிந்துகொள்கிறேன், எந்த ஊரிலும். லைப்சிக்கில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுப் பெரியவர் க்ரூகர் ஒருநாள் நல்ல மானிட்டர் ஒன்றை வாசலில் வைத்திருந்தார். மேலே ஒரு சீட்டு. அவர் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டிக் கொடுத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார், இரண்டு மூன்று முறை. நான் பரவாயில்லை, பரவாயில்லை என்றேன். சீட்டில் ‘ட்சு ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதியிருந்தது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம், என்பது சாயங்காலம், காலையிலேயே அதைப் பார்த்திருந்த கணவர் சொல்லித்தான் தெரிந்தது. வாசலில் குப்பை போட்டதற்காக நான் சண்டைக்குப் போனதாகப் பெரியவர் நினைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரு மானிட்டர் தேவையாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாசலில் எதையும் வைக்கவில்லை.

சனிக்கிழமை அண்ணன், அண்ணி, நான் மூவரும் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று வகை காட்டினார். பெட்டியோடு வரும் புதிய கம்பெனி மாடல் ஒன்று. பாகங்களை நாம் சொல்கிறபடி சேர்த்துத் தரும் அசெம்பிள் செட் ஒன்று. மூன்றாவது வகை பழையவை, ஓஎம்ஆர் ரோட்டில் ஏதோ ஓர் ஆபீஸ் காலி செய்தபோது வாங்கித் துடைத்து வைத்தவை, வரிசையாகக் கறுப்புக் கறுப்பாக நின்றன. விலை பாதிதான். அண்ணன் கண் அதில்தான் இருந்தது. நான் அசெம்பிள் செட் என்றேன். எட்டு ஜிபி ராம், இன்னொன்று போட காலி ஸ்லாட், சீக்கிரம் திறக்கும் எஸ்எஸ்டி, இருபத்திரண்டு இன்ச் மானிட்டர். நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவதால் யுபிஎஸ் கட்டாயம். கேம் விளையாட யாரும் இல்லை, ஆகவே தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கடைக்காரர் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை நான் முடிவு செய்து வெகுநாளாகிறது.

பிறகு அவர் கேட்டார். “மோடம் எந்த ரூம்ல கீது மேடம்? சிஸ்டம் எங்க வெக்கப் போறீங்க? தூரம்னா ஒயர் இஸ்க்கணும், இல்லாங்காட்டி வைஃபை கார்டு போட்டுத் தரேன்.”

மோடம் ஹாலில் என்றான் அண்ணன். கம்ப்யூட்டர் எங்கே என்பதற்குப் பார்க்கணும் என்றான். அண்ணி ஒரு மவுஸை எடுத்து, விலைச் சீட்டைப் படித்து, திரும்ப வைத்தார். ஹாலிலேயே டிவிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுவிடலாமே என்றேன் நான், இதில் என்ன யோசனை என்கிற மாதிரி.

“ஹால்ல அத்தையும் நிலாவும் படுக்கறாங்க வனிதா,” என்றார் அண்ணி. மாமியாரைத்தான் அத்தை என்பார். “மேஜை போட்டா பாய் விரிக்க எடமில்ல.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. கருவேப்பிலை விலை சொல்வது போலத்தான் சொன்னார். நான் வந்திருக்கும்போது நிலா என்னோடு படுக்கிறாள், அம்மா காற்றுக்காக ஹாலில் படுக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குத் தெரியும். நான் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஒரு ரூம் பூட்டிக் கிடக்க, பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஹாலில் பாயில் உட்கார்ந்து படிக்கிறாள். லேப்டாப் என்று அண்ணன் சொன்னது இதற்குத்தான். அது இருந்தால் யாரும் யாரிடமும் ரூமைக் கேட்க வேண்டியதில்லை.

என் ரூமில் வையுங்கள் என்றேன். அண்ணன் கடைக்காரரைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஓரமாக என்னைக் கூட்டிப் போனான்.

“அது உன் ரூம்மா. நாளைக்கு நீ திரும்பி வந்தா எங்க இருப்ப?”

“நான் வர்ற மாதிரி இல்லண்ணா.”

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. கீபோர்டு பெட்டிகள் அடுக்கிய ஒரு கடையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அண்ணன் சரி என்றான். திரும்பிப் போய் வைஃபை கார்டு போடச் சொன்னான். கடைக்காரர் எங்கள் மூவருக்கும் டீ வரவழைத்தார். அது ஆறிப்போகுமுன் குடித்து முடித்தேன். சர்க்கரை அதிகம் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றிய ஒரே விஷயம்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் கோபம். என்னிடம் பேசாமல் அண்ணி முன்னால் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். வனிதா ரூமில் கை வைக்காதீர்கள் என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் அம்மா எப்போதோ சொல்லி, அதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பல நாள் பேச்சில்லாமல் இருந்ததெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அண்ணி கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்று அம்மாவிடம் போய் நின்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பூட்டி வெச்சிருந்தாதாண்டி நீ வருவ,” என்றாள். “அதையும் குடுத்துட்டா உனக்கு இங்க என்னா இருக்கு, சொல்லு.”

நீ இருக்கிறாயே என்று சொல்லியிருக்கலாம். களைந்த தண்ணீர் வெள்ளையாகச் சிங்க்கில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விரிப்பு மாற்றியது நான் வந்து படுப்பதற்காக மட்டும் இல்லை. நான் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த நம்பிக்கையில்தான் நானும் லைப்சிக்கில் இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே ரூமைப் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றி ஒருநாள்கூடப் பேசிக்கொள்ளாமல்.

ஞாயிற்றுக்கிழமை ரூமைக் காலி செய்தேன். நினைத்ததைவிட எளிதாக இருந்தது. பழைய சுடிதார்களை ஒரு மூட்டையாகக் கட்டினேன். சர்டிபிகேட்டுகளை அண்ணன் பீரோவுக்கு மாற்றினேன். என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மட்டும் கைப்பையில் போட்டு அந்த ரூம் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நிலா கூடமாட எடுத்துக் கொடுத்தாள். சுவரில் நான் ஒட்டியிருந்த உலக வரைபடத்தைக் கிழிக்கட்டுமா அத்தை என்று கேட்டாள். கிழி என்றேன். டேப் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அங்கேதான் பிளக் பாயின்ட் இருக்கிறது, மேஜையை அங்கேயே போட்டோம்.

கடைப் பையன்கள் வந்து மாட்டிக் கொடுத்தார்கள். பெட்டி ஓசையில்லாமல் ஓடியது, திரை பளிச்சென்று வந்தது. அம்மா வந்து மானிட்டரின் ஓரத்தில் குங்குமம் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனாள். அண்ணி முதல் பில்லைப் போட்டுப் பார்த்தார். எண்கள் பெரிதாகத் தெரிந்ததில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வனிதா, கண்ணாடியே வேணாம் போலிருக்கே என்றார். நல்ல செட்தான். அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைக்காது, இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்றிலிருந்து அம்மாவும் நிலாவும் கட்டிலில் படுத்தார்கள். நான் ஹாலில் படுத்தேன். காற்று வரவில்லை.

கிளம்பும் நாள் கைப்பையை எடுக்கப் போனேன். ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கதவையும் தட்டியதில்லை; தள்ளிக்கொண்டு போவதுதான் பழக்கம். நான் இரண்டு விரலை மடக்கித் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினேன்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “வனிதா, யாரோ வந்திருக்காங்க போல. போய்ப் பாரு.”

நான்தான் தட்டினேன் என்று சொல்லவில்லை. ஹாலைக் கடந்து போய் வாசல் கதவைத் திறந்தேன். வெயிலில் தெரு வெறுமனே கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன்.

“யாரும் இல்லம்மா,” என்றேன்.