ரெண்டாம் நம்பர் கண்ணீர்

என் சிறுகதைகள் எல்லாவற்றிலும் கடைசியில் மழை பெய்யும். இதை நான் கவனித்ததில்லை. என் ஒரே தொகுப்பைப் படித்த ஒரே நண்பர்தான் கவனித்துச் சொன்னார். "குடை எடுத்துக்கினுதான் உன் கதைக்குள்ள வரணும் போல." சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கதையைத் தொடங்கினாலும் மூன்றாவது பத்தியிலேயே மேகம் கூடுவது எனக்குத் தெரிந்துவிடும். பேனாவை மூடிவிடுவேன். இப்படியே மூன்று வருடம் போயிற்று. விற்காத பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. கரப்பான்கள் மட்டும் விடாமல் வாசித்துவந்தன.

புதுச்சேரியில் ஃபிளெக்ஸ் வந்து, சுவரொட்டியை மெல்ல விரட்டிக்கொண்டிருந்த சமயம் அது. மார்க்கெட் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை எனக்கு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் காணும் தலைவர்கள் எல்லாம் வருவார்கள். ஆனால் அதிகம் வருவது சாவுதான். அந்தக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்கென்று மூன்று வாசகங்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றாம் நம்பர் பெரிய மனிதர்களுக்கு. அதில் ஒரு சகாப்தம் சாயும். மூன்றாம் நம்பர் சிறுவயதில் போனவர்களுக்கு. ரெண்டாம் நம்பர் பொதுவானது: "அன்பின் உருவமே, அமைதியின் இருப்பிடமே, உமக்கு நிகர் இவ்வுலகில் வேறெவரும் இல்லை."

"எழுத்தாளரே, ஒரு ரெண்டாம் நம்பர் கண்ணீர்!" என்று முதலாளி வாசலிலிருந்தே கத்துவார். பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டு நான் டீ குடிக்கப் போவேன். குடியிருந்ததோ கருவடிக்குப்பத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில். காலையில் நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவரே மாலையில் மேளத்தோடு என் வீட்டைத் தாண்டிப் போவார். எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் காலை, மீனவர்கள் இருக்கும் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் நான் போட்ட ரெண்டாம் நம்பர் போஸ்டர், சுவரிலிருந்து பாதி கிழித்தெடுத்தது.

"இத எழுதுனது யாரு?"

முதலாளி ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் காட்டினார்.

"அண்ணா, நீ எங்கப்பாவப் பாத்திருக்கியா?"

"இல்லம்மா."

"அதான். அமைதியின் இருப்பிடமாம்! பக்கத்து ஊட்டுக்காரரு எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் கழிச்சிப் பூட்டாரு. அவருக்கும் நீதான் அடிச்சிருக்க. ரெண்டும் ஒரே சுவத்துல, ஒட்டினாப்ல நிக்குது. இவருக்கும் நிகரு இல்ல, அவருக்கும் நிகரு இல்ல. வல காயப்போடற எடத்துக்காகப் பன்னண்டு வருசமா பேசிக்காதவங்க அண்ணா அவங்க! குப்பமே சுவத்தப் பாத்துச் சிரிக்குது. எங்கம்மா கதவ சாத்திக்கினு உள்ளயே கெடக்குது."

அவள் போஸ்டரை என் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"நாளைக்குப் பதினாறாம் நாளு. வேற போஸ்டர் வேணும். அதுல எங்கப்பா மட்டும்தான் இருக்கணும். வேற எவனுக்கும் பொருந்தக் கூடாது."

"ஒண்ணாம் நம்பர் போட்டுருய்யா" என்றார் முதலாளி. "சகாப்தம்லாம் வரும்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மிஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

அவள் என் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். விரல்கள் தாமாகவே 'அன்பின்' என்று அடித்தன. "அழி" என்றாள். சரி, அப்பாவைப் பற்றிச் சொல் என்றேன்.

"இன்னா சொல்றது? ரகசியம் பேச வராது. கடல்ல போட்டு மோட்டார் சத்தத்துல கத்திக் கத்தி ஊட்லயும் அதே தொண்ட. சுகர் இருக்குது, டீயில சக்கர கெடையாதுன்னு அம்மா சொல்லும். யாருக்கும் தெரியாம ஒரே ஒரு ஸ்பூன் போடுன்னு எங்கிட்ட காதுல கேப்பாரு. கடைசி ஊடு வரைக்கும் கேக்கும். எதிர் ஊட்லேர்ந்து 'போடாத, போடாத'ன்னு கொரல் வரும்."

நான் உடனே 'கடலின் கர்ஜனையே' என்று அடித்தேன்.

"அழி. இது கடலப் பத்தி இருக்குது."

அடுத்து 'ஓய்ந்த சிம்மக்குரலே' வந்தது. அவள் வாயைத் திறக்குமுன் நானே அழித்தேன். நான்காவதோ ஐந்தாவதோ தடவையில், பழக்கதோஷம், 'வானமும் அழுதது' என்று மழையைக் கூட்டி வந்துவிட்டேன்.

"அன்னிக்கு நல்ல வெயிலு அண்ணா" என்றாள்.

மதியம் அவள் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. சொற்கள் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தன. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நிற்பதுபோல் இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, செத்தவர் போஸ்டர் அல்லவா? ஆனால் இருந்தது. மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். முகம் தெரியாத அந்த மனிதருக்காக அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் குடித்தேன்.

அவள் திரும்பி வந்தபோது திரையில் இவ்வளவுதான் இருந்தது:

"அப்பாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. கடலில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேசுவார். பதினாறு நாளாகத் தெரு அமைதியாக இருக்கிறது. எங்களுக்குப் பழகவில்லை."

இரண்டு முறை படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடி" என்றாள்.

நான் 'அழி' என்று கேட்டுப் பழகியிருந்தேன். கை டெலிட் பொத்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"இதுல கண்ணீரே இல்லையேய்யா" என்றார் முதலாளி.

மறுநாள் சைக்கிளைக் குருசுக்குப்பத்துக்கு மிதித்தேன். என் எழுத்தை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க நான் போனது அதுவே முதல் முறை. சுவருக்கு முன்னால் நாலைந்து பேர். ஒருவர் உரக்கப் படிக்க, "சக்கர டீய உட்டுட்டாங்களே" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். படித்தவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்து, போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் இருந்தவர் என்னைக் கைகாட்டி அழைத்தார். நிகரில்லாத இன்னொருவரின் மனைவி.

"நீதான் எழுதறவனா? எங்களுக்கு நாளன்னிக்குப் பதினாறு. எங்காளு வாயே தெறக்க மாட்டாரு. பக்கத்து ஊட்டுல கத்தறதக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தானா சிரிப்பு வரும், அவ்ளோதான். வெளிய காட்டிக்க மாட்டாரு. அதுக்கு இன்னா எழுதுவ?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று நம்பரிலும் தேடிப் பார்த்தேன், இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

"பேப்பர் இருக்குதாம்மா?" என்றேன்.

ஒட்டாமல் மிஞ்சிய ரெண்டாம் நம்பர் போஸ்டர் ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தார். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன்.

"அவரு சிரிக்கறாருன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.