மாமன் மடியில் ஒரு கார் சீட்

மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசியது கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார்கள் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார்கள், மகள் போய் அவரிடம் சொல்லுவாள். அப்படியே பழகிவிட்டேன். அவர் கார் வாங்கிய பிறகுதான் சிக்கல். காருக்குள் எந்தக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது? அதனால் பேரனிடம் சொல்லுவேன்.

"கண்ணு, அப்பாவை மெதுவாப் போகச் சொல்லு சாமி."

"அப்பா, அம்மாயி பயப்படறாங்க."

"நாப்பதுலதான் போறேன்னு அம்மாயிகிட்டச் சொல்லு."

மாப்பிள்ளையின் முதுகுக்கும் எனக்கும் ஒரு முழம் தூரம்தான். செய்தி மட்டும் அந்தப் பிள்ளை வழியாகப் போய் வரும்.

பேரனுக்கென்று காரில் தனியாக ஒரு சீட் இருந்தது. மாப்பிள்ளை திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். ஒருமுறை அங்கே போனபோது, எல்லாப் பிள்ளைகளும் காரில் தனிச் சீட்டில் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்றை வாங்கி விமானத்தில் கொண்டுவந்தார். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று. ஐந்தும் வயிற்றுக்கு மேலே ஒரு பூட்டில் வந்து சேரும். பூட்டில் சிவப்பாக ஒரு பட்டன். பிள்ளை வளர வளரத் தோள்பட்டையை உருவி, முதுகுப் பக்கம் இருக்கும் ஓட்டைகளில் மேல் ஓட்டைக்கு மாற்ற வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் கம்பெனிக்குப் போகிறவர்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் நான்தான், அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. போன தீபாவளிக்கு மேல் ஓட்டைக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் ஓட்டை இல்லை.

"ஏனுங்க, பையனுக்கு இந்தச் சீட் பத்தறதில்லீங்க" என்றாள் மகள்.

சீட்டோடு வந்த புத்தகத்தில் மூன்று விஷயம் போட்டிருந்ததாம். எடை பதினெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தோள் மேல் ஓட்டைக்கு மேலே போகக் கூடாது. காது நுனி சீட்டின் மேல் விளிம்புக்கு மேலே தெரியக் கூடாது. இதில் ஒன்று தாண்டினாலும் அந்தச் சீட்டை விட்டுவிட்டு, பெரிய பிள்ளைகளுக்கான வேறு சீட் வாங்க வேண்டும்.

"நாலு வயசுப் பிள்ளை அளவு எனக்குத் தெரியாதா? தெனம் ஆயிரம் பீஸ் தெக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

பேரனைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய், துணி ரோல் நிறுக்கும் எடைமேசையில் நிறுத்தினார்கள். முக்கால் கிலோ அதிகம் காட்டியது.

"மழைக்காலம். துணியே ஈரம் வாங்குது, பையன் வாங்க மாட்டானா? முக்காக் கிலோ ஈரம்னு கழிச்சுரு."

"பையன் என்ன துணிங்களா?"

அடுத்து கட்டிங் மாஸ்டர் இஞ்ச் டேப்பால் தோளை அளந்தார். "ஓட்டைக்கு மேல அரை இஞ்சு எச்சா வருதுங்க" என்றார். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரக்கு பாஸ்தான், அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். "அரை இஞ்சு டாலரன்ஸ்லயே போயிரும்" என்று மாப்பிள்ளை தோளையும் பாஸ் பண்ணினார்.

காதை மட்டும் அளக்க முடியவில்லை. அது கண்ணிலேயே படவில்லை. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. தோள்வரை தொங்கிக் காதை மூடியிருந்தது. மொட்டையும் காதுகுத்தும் மாமன் மடியில் நடக்க வேண்டும். மாமன் என் மகன். அவனுக்குக் கல்யாணம் ஆகட்டும், ஜோடியாக உட்காரட்டும் என்று தள்ளித் தள்ளித்தான் முடி அவ்வளவு நீளம் வளர்ந்தது.

என் மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மங்கலத்தில் தறி ஓட்டுகிறான். பெண் வீட்டுக்காரர்கள் தறிச் சத்தத்தைக் கேட்டதுமே வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். நான் மகள் வீட்டில் இருக்கிறேன், அவன் அங்கே தனியாகச் சோறு பொங்கித் தின்கிறான். ராத்திரி நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதுதான் நினைப்பு.

இந்த வருஷம் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். பனியன் கம்பெனியில் தைக்கிற பெண். முதல் கல்யாணம் முறிந்து, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் பார்க்கிற பார்வை வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். "அவர் பிள்ளைககிட்ட எப்படி இருக்கறாருன்னு பாக்கோணும். அதப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரமும் வந்துவிட்டது. இனிமேல் தள்ள வேண்டாம், காதுகுத்தை வைத்துவிடலாம், அவர்களும் வந்து பார்க்கட்டும் என்று முடிவானது.

முந்தின நாள் மகன் போன் பண்ணினான். "அம்மா, எனக்கு அவுங்ககிட்டப் பேச வராது. நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசோணும்."

"நானா சாமி?"



கோயில் உடுமலை ரோட்டில், காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் உள்ளே போக வேண்டும். பேரனுக்குப் புது வேட்டி, புதுச் சட்டை. பல்லடம் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன், வழியெல்லாம் முறுக்கு. பட்டையை ஏற்கெனவே முழு நீளத்துக்கும் விட்டாகிவிட்டது, இனி விட நீளம் இல்லை. கோயில் வாசலில் நான் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். அது அசையவில்லை. மகள் அமுக்கினாள். மாப்பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினார். பன் தின்ற வயிறு பட்டையை இழுத்துப் பிடித்திருந்தது, பூட்டுக்குள் முறுக்குத் தூள் வேறு.

"வயித்த எக்கு கண்ணு."

"எக்கிட்டேன் அம்மாயி."

"எங்க எக்கின?"

"இங்க" என்று அவன் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினான்.

"பெல்ட்ட வெட்டீரலாமுங்க" என்றார் வாசலில் தேங்காய் விற்கிறவர், அரிவாளோடு வந்து.

"வெட்டக் கூடாது! டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் குடுத்த பெல்ட்டு!" மாப்பிள்ளை அரிவாளுக்கும் பையனுக்கும் குறுக்கே நின்றுகொண்டார்.

நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. வேறு வழியில்லாமல் சீட்டைக் காரிலிருந்து கழற்றிப் பிள்ளையோடு தூக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மேளக்காரர் விஷயம் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேரன் மேலேயிருந்து எல்லாருக்கும் கையை ஆட்டினான்.

சரியாக அப்போதுதான் பெண் வீட்டார் வந்து சேர்ந்தார்கள். ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. பெண்ணின் அப்பா ஓட்ட, பெண் பின்னால், குழந்தை முன்னால் நின்றபடி. இறங்கினவர்கள் ஊர்வலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். நான் போய் 'வாங்க' என்று சொல்ல வேண்டும். போனேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மகன் மண்டபத்தில் சம்மணம் போட்டு, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் இறக்கினார்கள்.

"இதுக்குள்ள இருந்தா மாமன் மடின்னு கணக்காகுமுங்களா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்.

பூசாரி யோசித்தார். "மடிமேல துண்டு விரிச்சு உக்கார வெச்சா மடி இல்லீன்னு ஆயிருமுங்களா? இதையும் ஒரு துண்டுன்னு வெச்சுக்கங்க."

"அப்பக் காரோட சேத்தே மடியில வெச்சிருக்கலாமே!"

"கார் மண்டபத்துக்குள்ள நுழையாதுங்க."

மகன் சீட்டைப் பிள்ளையோடு இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். அந்தச் சீட்டே ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும்.

"மாமா, நான் கனக்கறனா?"

"இல்ல மாப்ளே, பஞ்சாட்ட இருக்கற."

மொட்டை அடிக்கிறவர் முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று சீட்டைச் சுற்றி நடந்து நடந்து அடித்தார். முடி விழ விழ, பையனின் காது இரண்டும் வெளியே வந்தன. நான் பார்த்தேன், மகள் பார்த்தாள். சீட்டின் மேல் விளிம்புக்கு மேலே, தெளிவாக, சந்தனம் பூசிய மொட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு காது.

காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு வந்து சீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லவேளை, காது ரெண்டும் வெளிய இருக்குது. உள்ள இருந்திருந்தா நான் எங்க போய்க் குத்துவேன்? பையன் வளந்தது நல்லதாப் போச்சுங்க. ஓடற பிள்ளைகளத் தொரத்தியே எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. எல்லாரும் இப்படிக் கட்டிக் கொண்டாந்து குடுத்தா எவ்வளவு சௌரியம்!"

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கோபுரத்தைப் பார்த்தார்.

ஊசியைக் கண்டதும் பேரன் முகம் மாறியது. மகன் ஒரு கையால் அவன் மொட்டையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இன்னொரு கை சிவப்புப் பட்டன்மேலேயே இருந்தது; உட்கார்ந்ததிலிருந்து விடாமல் அமுக்கிக்கொண்டுதான் இருந்தான். "மாமன் இருக்கறேன் மாப்ளே. என்ற சட்டையக் கடிச்சுக்க" என்றான். அந்தப் பெண் தூணோரமாக நின்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி இறங்கியது. பையன் கத்தினான் பாருங்கள், வயிற்றில் இருந்த காற்றெல்லாம் அந்த ஒரு கத்தலில் வெளியே போய்விட்டது. பட்டை தளர்ந்தது. டக்கென்று பூட்டு திறந்தது.

ஒரு காதில் தோடும் மறு காதில் வெறுமையுமாகப் பேரன் சீட்டிலிருந்து குதித்து ஓடினான். வேட்டி சீட்டிலேயே நின்றுவிட்டது. "புடிங்க! புடிங்க!" மகன் எழுந்தான். கால் இரண்டும் மரத்துப்போயிருந்ததால் எழுந்த வேகத்தில் சீட்டைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். மேளக்காரருக்கு அடிப்பதா நிறுத்துவதா தெரியவில்லை. ஆசாரி, "சொன்னேனுங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தூணைச் சுற்றி ஓடின பையனை அந்தப் பெண்தான் பிடித்தாள். ஒரு கையால் சட்டையைப் பிடித்து, இன்னொரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விழுந்துகிடந்த என் மகனிடம் வந்தாள்.

"மடியச் சரியா வெய்ங்க" என்றாள்.

அவன் எழுந்து உட்கார்ந்து, மரத்த கால்களைக் கையால் எடுத்து மடக்கி மடியைச் சரியாக வைத்தான். அவள் பிள்ளையை அதில் இறக்கினாள். இரண்டாவது காதை அங்கேயே குத்தினார்கள். ஒரு காது சீட்டின் மேல், ஒரு காது மடியின் மேல். பெரியப்பாவும் பூசாரியும் ஆளுக்கு ஒரு காதைத் தங்கள் கட்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தில் சீட்டை எல்லாரும் மறந்துவிட்டோம். பந்திக்குக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்ணின் சின்னக் குழந்தை அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெண்ணின் அப்பா தூக்கப் போனார். இரண்டு பட்டையையும் பிடித்துக்கொண்டு வீரிட்டது.

"எறங்க மாட்டீங்கறாளே!" என்றார் அவர்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "இதுல இவ இன்னும் எத்தன வருசம் உக்காரலாமுங்க?"

 வெளியாள் ஒருத்தி என்னைப் பார்த்து நேராகக் கேட்டுவிட்டாள், பதில் சொல்லி அனுப்ப நடுவில் பிள்ளை யாரும் இல்லை. பேரன் அழுது தூங்கிப்போயிருந்தான்.

"ரெண்டு வருசம் உக்காரலாமுங்க" என்றேன். "பட்டை இப்ப மேல் ஓட்டையில இருக்குது. இவளுக்குக் கீழ் ஓட்டைக்கு எறக்கோணுமுங்க."

"எறக்கிக் குடுங்க."

அவள் வீரிடுகிற குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் உட்கார்ந்து பட்டையை உருவினேன். கவிழ்த்துத் தட்டினதில் ஒரு பிடி முறுக்குத் தூள் கொட்டியது. அவள் குழந்தையை மறுபடி உட்காரவைக்க, தோளுக்குச் சரியாகக் கீழ் ஓட்டையில் கோத்துப் பூட்டினேன். மகன் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான்.

"உங்ககிட்டக் கார் இல்லீங்கதானே?" என்று அவள் அவனிடம் கேட்டாள்.

"இல்லீங்க" என்றான். பிறகு யோசித்து, "சீட் கெடச்சிருச்சு. கார்தான் வாங்கோணும்" என்றான்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சாப்பிட்டு முடிந்தும் குழந்தை இறங்கவில்லை. அவர்கள் ஊர் போகிற வழிதான். சீட்டோடு காரில் ஏற்றி வீட்டில் விட்டுவிடலாம் என்றார் மாப்பிள்ளை. சீட்டை அவரே மாட்டி, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கார் பெல்ட்டைப் போட்டுவிட்டு, "நாளைக்கே இவனுக்குப் பெருசு வாங்கிடறேன்" என்றார், யாரையும் பார்க்காமல். பின் சீட்டில் சின்னக் குழந்தை, அதன் அம்மா, பேரன். முன் சீட் மகளுக்கு, அவள் இன்னும் மண்டபத்தில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா டிவிஎஸ்ஸில். எனக்கு இடமில்லை.

மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார். பேரன் மறுபடி தூங்கிவிட்டிருந்தான். வேறு வழியில்லாமல் என்னிடமே கேட்டார்.

"நீங்க எப்படி வர்றீங்க அத்தை?"

"நான் என்ற மகன்கூட வண்டியில வந்தர்றனுங்க" என்றேன்.

மகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து காரைத் தொடர்ந்து போனோம். கார் நாற்பதுக்கு மேல் போகவில்லை.

"அம்மா, அவுங்ககிட்டப் பேசுனீங்களா?"

"பேசினேன் சாமி."

"என்ன பேசுனீங்க?"

"பட்டையக் கீழ் ஓட்டைக்கு எறக்கோணும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் வண்டியைக் கொஞ்சம் விரட்டிக் காருக்கு நெருக்கமாகக் கொண்டுபோனான். பின் கண்ணாடியில் சீட்டின் முதுகு தெரிந்தது. அதன் விளிம்புக்கு மேலே காது ஒன்றும் தெரியவில்லை.