என்னை நிறுத்திய கடிதத்தை நானே எழுதினேன்

கூட்டுறவுச் சங்கக்கடை எழுதுவினைஞர் வேலை என்பது, முகாமையாளர் நினைப்பதை நல்ல தமிழில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கும் வேலை. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம், மற்றவர்களுக்கு விளங்காது.

கதிரை

எண்பத்தாறில் நெடுந்தீவில் ஒரு சங்கக்கடையில் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. போர்க்காலம், கடலுக்குப் போகக் கடற்படையின் தடை. அப்பாவின் வலை கொட்டிலில் கிடந்தது. வீட்டில் உழைப்பவன் நான் ஒருவன்தான். இப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நானோ, ஒரு பங்கீட்டு அட்டைக்கு எவ்வளவு சீனி என்று முகாமையாளர் சனத்துக்குச் சொல்லும்போது, "சுற்றறிக்கையில் அப்படி இல்லையே" என்றேன்.

அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் சட்டம்பியார், அதாவது பள்ளிக்கூட வாத்தியார். சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால், "சட்டம்பியாருக்கு இது தெரியாதோ?" என்று தினமும் கேட்பார். மறுவாரம் என் கதிரை காணாமற்போனது. திருத்தக் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பி, ஒரு கிழமை நின்றுகொண்டே பேரேடு எழுதினேன். சீனி வாங்க வந்த முகாமையாளரின் மனைவிக்கு என்மேல் இரக்கம் வந்தது.

"ஏன் தம்பி நிண்டுகொண்டு எழுதுறீர்? இவர் கொண்டந்த கதிரை ஒண்டு எங்கடை விறாந்தையிலை சும்மா கிடக்கு. கேட்டுப் பாருமன்."

கடிதம்

நான் கேட்டேன். "நாளையிலிருந்து நீர் வரவேண்டாம்" என்றார் முகாமையாளர். வேலையிலிருந்து நிறுத்துவதானால் எழுத்தில் தரவேண்டும் என்று, பழக்கதோசத்தில் விதியைச் சொன்னேன். "அப்ப எழுதிக்கொண்டு வாரும்" என்றார். கடையில் கடிதம் எழுதுபவன் நான் மட்டும்தானே.

"காரணம் என்னவென்று போட?"

"காரணம் ஒண்டும் வேண்டாம்."

சொன்னதை அப்படியே எழுதுவது என் நோய். 'காரணம் எதுவுமின்றியும் விளக்கம் கோரப்படாமலும் தங்களை நாளை முதல் வேலையிலிருந்து நிறுத்துகிறேன்' என்று ஓரம் விட்டு, இலக்கமிட்டு எழுதினேன். வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார். வெளியே வந்து அரிசி நிறுக்கும் சீமோன் அண்ணையிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறீர் தம்பி. காரணமில்லாமல் ஆளை நிப்பாட்ட ஏலாது; இதைக் கிழிச்சுப்போடாமல் யாழ்ப்பாணம் தொழிற் கந்தோர் அதிகாரியிட்டைக் கொண்டு போம். முகாமையாளர் விலகல் கடிதம் கேட்டால் மட்டும் எழுதிக் குடுத்திடாதையும், உமக்கு எழுதுறதெண்டால் ஆசை."

பல்

நெடுந்தீவிலிருந்து எவரும் இரகசியமாக யாழ்ப்பாணம் போக ஏலாது; போகிற மோட்டார்ப் படகு, லோஞ்ச், ஒன்றுதான். ஏறினால் பக்கத்தில் முகாமையாளரின் மனைவி. எங்கே பயணம் என்றார். பல்லுக் கொதி என்று கன்னத்தைப் பிடித்தேன். தனக்குத் தெரிந்த பல் வைத்தியரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ்ஸிலும் பக்கத்தில் இருந்து, வைத்தியரின் கதிரைவரை விடாமல் வந்தார். எந்தப் பல் என்று வைத்தியர் கேட்க, சிறுவயதில் ஒருதரம் நொந்த கடைவாய்ப் பல்லைக் காட்டினேன். பிடுங்கிவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம், துணிவில்லை.

முகாமையாளரின் மனைவி சந்தைப் பக்கம் போனதும், வாயில் பஞ்சோடு தொழிற் கந்தோருக்குப் போனேன். வழிநெடுக மனப்பாடம் செய்த சட்டமெல்லாம் பஞ்சுக்குள் போயிற்று. கடிதத்தை நீட்டினேன். அதிகாரி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. எல்லாம் இதிலை கிடக்கு. உமக்கு இவ்வளவு உதவியா எழுதின மனுசன் ஆர்?"

திரும்ப

கந்தோரிலிருந்து சங்க நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் போனது. அடுத்த மாதம் என்னைத் திரும்ப எடுத்தார்கள். முதல்நாள் போனபோது கதிரை மேசையடியில் இருந்தது. அதை வீட்டிலிருந்து அனுப்பிய முகாமையாளரின் மனைவி, பல்லு நோ மாறிவிட்டதா என்றும் கேட்டு விட்டிருந்தார். முகாமையாளர் அன்று பகல்வரை என்னைப் பார்க்கவில்லை. பின்னேரம் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். பேனையைக் கீழே வைத்தார்.

"சட்டம்பியார், அதிலை இரும். முதலிலை வாசியும், கேட்பம்."

வேலை திரும்பக் கிடைத்தது, கதிரையும் கிடைத்தது. பல்லைத் திருப்பித் தர மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.